எபிசோட் 41: டேலியா கிழங்கில் உயிர் எங்கே இருக்கு?

(பாட்காஸ்ட்டில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தியிருக்கிறேன்.)

போன எபிசோட்ல மாடித்தோட்டத்து மண் கலவையைப் பற்றிப் பேசினப்போ, போகிற போக்குல "என்கிட்ட டேலியா கிழங்கு இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மண் கலவை பற்றி ரெண்டு கேள்விதான் வந்தது. டேலியாவைப் பற்றித்தான் மெசேஜ் மேல மெசேஜ். அதுல பாதிப் பேர் சொன்னது ஒரே கதை. ஆன்லைன்ல கிழங்கு வாங்கினேன், நட்டேன், தினமும் தண்ணி ஊத்தினேன், ஒரு மாசம் ஆச்சு, முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தா ஒன்னு நட்டபடியே கிடக்கு, இல்லன்னா அழுகிக் கூழாகிடுச்சு. வித்தவங்க ஏமாத்திட்டாங்களா, இல்ல நான்தான் தப்பு பண்ணேனா?

ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. இதுல உங்க பக்கம் நடக்கக்கூடிய தப்பு எல்லாத்தையும் நான் பண்ணியிருக்கேன். அதுவும் காசு கொடுத்துத் திரும்ப வாங்க முடியாத ஒரு செடியை வெச்சுப் பண்ணியிருக்கேன். அதனால அந்தக் கதையையே சொல்லிடறேன், உங்க கேள்விக்கான பதிலெல்லாம் அதுக்குள்ளேயே வந்துடும்.

அம்மா குன்னூர் பக்கத்துல ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தாங்க. நான் வளர்ந்தது அந்த குவார்ட்டர்ஸ்ல. வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு டேலியா உண்டு. அடர் சிவப்பு, ஒவ்வொரு இதழோட நுனியும் மட்டும் வெள்ளை, பெயிண்ட்ல தொட்டு எடுத்த மாதிரி. பெரிய பூ எல்லாம் இல்லை, உள்ளங்கை அளவுதான். அம்மா வேலைக்குச் சேர்ந்த புதுசுல, அங்கே இருந்த ஒரு ஆயாம்மா ஒரு கிழங்கு கொடுத்தாங்களாம். அந்த ஆயாம்மாவுக்கு யார் கொடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. ரகத்துக்குப் பேரும் கிடையாது. எங்க வீட்டுல அது "வாசல் பூ", அவ்வளவுதான்.

2022 ஜனவரி கடைசியில அம்மா ரிட்டயர் ஆனாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு கோயம்புத்தூர்ல நான் இருக்கிற வாடகை வீட்டுக்கு வர்றதா ஏற்பாடு. பீரோ, கட்டில், பாத்திரம்னு அம்மா ஒரு பக்கம் கட்டிட்டு இருந்தாங்க. நான் பெரிய மனுஷன் மாதிரி "கிழங்கை நான் பார்த்துக்கறேன்மா, நீங்க கவலைப்படாதீங்க"ன்னுட்டேன்.

செடி அப்போ காய்ஞ்சு போய் வெறும் தண்டா நின்னுட்டு இருந்தது. சுத்தி மண்ணை நெகிழ்த்தி எடுத்தேன். ஒரே கொத்துல பதினேழு கிழங்கு! விரல் மாதிரி சிலது, குட்டி சக்கரவள்ளி மாதிரி சிலது. கோயம்புத்தூர் வந்ததும், அம்மா திருப்பூர்ல அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்த நேரத்துல, வேலையை முடிச்சு வெச்சு ஆச்சரியப்படுத்தலாம்னு உட்கார்ந்தேன். சீப்புல இருந்து வாழைப்பழம் பிய்க்கிற மாதிரி ஒவ்வொன்னாத் திருகித் திருகிப் பிரிச்சேன். பதினேழு கிழங்கு, பதினேழு குரோ பேக், பதினேழு செடி. நடுவுல இருந்த பழைய தண்டு, காய்ஞ்ச கட்டை மாதிரி இருந்தது. அதைக் குப்பையில போட்டேன். மறுநாள் காலையில குப்பை வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு.

அம்மா வந்து ஒரு பையில மண்ணை விலக்கிப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கழுத்து எங்கடா?"

எனக்கு என்ன கேட்கறாங்கன்னே புரியலை. "அந்தத் தண்டு இருந்துச்சே, அது எங்கே?"ன்னாங்க. குப்பை வண்டியில போச்சுன்னு சொன்னேன். அம்மா திட்டலை. பேசாம உள்ளே போயிட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சரி, கழுத்துன்னா என்ன? இதுதான் இந்த எபிசோடோட முக்கியமான விஷயம், கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

நாம கிழங்குன்னு ஒரே வார்த்தையில சொல்றது எல்லாம் ஒரே பொருள் இல்லை. உருளைக்கிழங்கு உண்மையில மண்ணுக்குள்ள பருத்த தண்டு. தண்டுங்கறதால அது மேல எல்லா இடத்துலயும் கண் இருக்கு. நாலா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் ஒரு கண் இருந்தாப் போதும், முளைச்சுடும். சக்கரவள்ளி பருத்த வேர். ஆனா அந்த வேருக்குத் தன் உடம்புல இருந்தே புதுசா முளை உண்டாக்கற திறமை இருக்கு. டேலியாவும் பருத்த வேர்தான், அந்தத் திறமை மட்டும் கிடையாது. அது வெறும் சாப்பாட்டு டப்பா. உள்ளே இனுலின்னு ஒரு சர்க்கரைச் சங்கிலியைச் சேமிச்சு வெச்சிருக்கும், தண்ணியும் இருக்கும். முளைக்கிற கண் எல்லாம், போன வருஷத்துத் தண்டு மண்ணைத் தொடற இடத்துல, கிழங்கு தண்டோட ஒட்டுற அந்த வளையத்துல மட்டும்தான் இருக்கும். அதைத்தான் அம்மா கழுத்துன்னாங்க.

அப்போ நான் என்ன பண்ணியிருக்கேன்? பதினேழு சாப்பாட்டு டப்பாவைப் பத்திரமா நட்டுட்டு, சாப்பிட வேண்டிய ஆளைக் குப்பையில போட்டிருக்கேன்.

கண் இல்லாத கிழங்கைக் குருட்டுக் கிழங்குன்னு சொல்வாங்க. இதுல கொடுமை என்னன்னா, அது சாகாது. ஈரம் கிடைச்சா சல்லி வேர் கூட விடும். மாசக்கணக்குல மண்ணுக்குள்ள கொழுகொழுன்னு இருக்கும், முளை மட்டும் வராது. உங்கள்ல சிலர் "கிழங்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா முளைக்கலை"ன்னு எழுதியிருந்தீங்களே, அது பெரும்பாலும் இதுதான். கழுத்து ஒடிஞ்ச கேஸும் அப்படித்தான். கிழங்குக்கும் தண்டுக்கும் நடுவுல மெலிசா ஒரு இணைப்பு இருக்கும். பார்சல்ல வரும்போது அது மடங்கி உள்ளே நசுங்கியிருந்தா, வெளியில ஒட்டிட்டு இருக்கிற மாதிரி தெரியும், சாப்பாடு மேல போகாது.

அதனால வாங்கும்போது பருமனைப் பார்க்காதீங்க. கட்டைவிரல் அளவுக் கிழங்கு போதும். கழுத்துப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்க. மேல் நுனியில கொஞ்சமாவது பழைய தண்டோட சதை ஒட்டியிருக்கணும், அதுல பரு மாதிரி ஒரு சின்னப் புடைப்பு தெரியணும். தோண்டின உடனே கண் தெரியாது. லேசா ஈரமான நார்த்தூள்ல ரெண்டு மூணு வாரம் வெச்சா புடைச்சுக்கிட்டு வரும், அப்புறம் பிரிக்கறதுதான் பாதுகாப்பு. அவசரப்பட வேண்டிய வேலையே இல்லை இது, அவசரப்பட்டேன். இன்னொரு டிப்ஸ்: நீல நிற டேலியா படம் போட்டு விக்கிற கடையில எதையுமே வாங்காதீங்க. இயற்கையா நீல நிறத்துல பூக்கிற டேலியா கிடையாது.

சரி, என் பதினேழு பைக்கு வருவோம். அம்மா மறுநாள் காலையில ஒவ்வொரு கிழங்கா எடுத்துக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. மூணு கிழங்குல மட்டும், நான் திருகினப்போ தண்டோட ஒரு சிம்பு பிய்ஞ்சு வந்திருந்தது. பதினாலு குருடு. மூணுதான் மிச்சம்.

"விடுங்கம்மா, ஊட்டியில நர்சரியில கிடைக்காத டேலியாவா?"ன்னு நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிறகு தேடிப் படிச்சப்போதான் ஏன் கிடைக்காதுன்னு புரிஞ்சது. தோட்டத்து டேலியாவுக்கு எட்டு செட் குரோமோசோம், மொத்தம் 64. நமக்கு ரெண்டு செட்தான். எட்டு சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போட்டு ஆடற மாதிரி. அதனால விதை போட்டா அம்மா செடி மாதிரி பிள்ளை வராது, ஒவ்வொரு விதையும் புதுப் பூ. ஆயிரக்கணக்கான ரகம் வந்தது இப்படித்தான். மறுபக்கம், ஒரு குறிப்பிட்ட பூ வேணும்னா அந்தச் செடியோட கிழங்கு அல்லது கட்டிங், வேற வழியே இல்லை. 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்'னு ஒரு பிரபலமான சிவப்பு ரகம், கார்டிஃப்ல 1924-ல வந்தது. இன்னிக்கு அதோட உண்மையான செடி யாரோட தோட்டத்துல இருந்தாலும், அது அந்த ஒரே நாற்றோட துண்டுதான். நூறு வருஷமா யாரோ ஒருத்தர் ஒவ்வொரு வருஷமும் தோண்டிப் பிரிச்சு நட்டுட்டே வந்திருக்காங்க. எங்க வாசல் பூவும் அப்படித்தான். ஆனா அதோட மொத்த இருப்பும் அன்னிக்கு என்கிட்ட இருந்த மூணு துண்டு. ஆபீஸ்ல ஒரே சர்வர்ல பேக்கப் வெச்சிருந்தா ஜூனியரைப் பிடிச்சுக் கத்தற ஆள் நான்.

மூணுல ரெண்டைத் தண்ணி ஊத்தியே கொன்னேன். இது இரண்டாவது தப்பு, உங்கள்ல நிறைய பேர் பண்றதும் இதுதான். முளை வர்ற வரைக்கும் டேலியாவுக்குக் குடிக்கிற வேரே கிடையாது. தேவையான தண்ணி கிழங்குக்குள்ளேயே இருக்கு. மேல ஊத்தற தண்ணி சும்மா தேங்கி அழுக வைக்கும். நடும்போது மண் புட்டு மாவு பதத்துல, கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், தட்டினா உதிரணும். அவ்வளவு ஈரம் போதும். பச்சை வெளியில தெரியற வரை பூவாளியைத் தொடாதீங்க. ரெண்டு வாரத்துலயும் வரலாம், நாலு வாரமும் ஆகலாம். மே மாச வெயில்ல மேல் மண் ரொம்பக் காய்ஞ்சா லேசா தெளிங்க. எனக்கு ரெண்டு அழுகினப்புறம்தான் கை அடங்கிச்சு.

மூணாவது, மார்ச் கடைசியில முளைச்சது. பச்சையும் ஊதாவும் கலந்த ஒரு குட்டி முளை. அம்மாகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். வந்து பார்த்துட்டு, "இந்த வெயில்ல வந்திருக்கே பாவம்"னாங்க.

அது சரியான கவலைதான். டேலியாவோட சொந்த ஊர் மெக்சிகோ மலைகள். 1963-ல இருந்து அந்த நாட்டோட தேசியப் பூ. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போய், மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துல கவனில்யெஸ்னு ஒரு விஞ்ஞானி 1791-ல இதுக்குப் பேர் வெச்சார், ஆண்டர்ஸ் தால்ங்கற ஸ்வீடன் தாவரவியலாளர் நினைவா. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியும் சுமார் 2,240 மீட்டர்! டேலியா ஏன் நீலகிரியில சொந்த வீடு மாதிரி வளருதுன்னு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். பகல்ல மிதமான வெயில், ராத்திரி குளிர். குன்னூர்ல யாரும் கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கறது கூட இல்லை. சரிவான நிலம், மழைத் தண்ணி நிக்காது, அப்படியே மண்ணுல தூங்கிட்டு அடுத்த மழைக்கு வரும். கோயம்புத்தூர் 400 மீட்டர் சொச்சம். ஏப்ரல்ல ராத்திரி கூட புழுக்கம். அந்தச் சூட்டுல டேலியா வாழும், ஆனா மூச்சு வாங்கிக்கிட்டே வாழும்.

அந்த ஒத்தைச் செடியை மாடியில இருந்து கீழே இறக்கி, காலை வெயில் மட்டும் படற இடத்துல வெச்சோம். உடனே அம்மா சொன்ன வேலை, கட்டிங் எடுக்கறது. இதுதான் எங்களைக் காப்பாத்தினது. கிழங்குல இருந்து முளை அரை ஜாண் உயரம் வந்ததும், அடிக்கணுவுக்குக் கீழே சுத்தமான பிளேடால வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிட்டு, ஈரமான நார்த்தூளும் மணலும் கலந்ததுல சொருகி, மேல ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதி வெட்டிக் கவுத்து, நிழல்ல வெச்சோம். மூணு வாரத்துல வேர் வந்துச்சு. வெட்டின இடத்துல இருந்து மறுபடி முளை வரும், அதையும் வெட்டலாம். கட்டிங்ல வந்த செடி அதே வருஷம் தனக்குன்னு கிழங்கும் வெச்சுக்கும். கண் உள்ள ஒரே ஒரு கிழங்கு இருந்தாப் போதும்னு சொல்றது இதனாலதான். ஆறு கட்டிங் வெச்சோம், நாலு பிழைச்சுது. அதுல ரெண்டை மே மாசம் குன்னூர்ல பழைய பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொண்டு போய்க் கொடுத்தோம். "எங்க வாசல்ல நிக்கற மாதிரியே இருந்துச்சு, காணோமேன்னு நினைச்சேன்"னு சொல்லி வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

கோயம்புத்தூர் மாதிரி சமவெளியில இருக்கிறவங்களுக்கு, நான் மூணு வருஷமாப் பார்த்த வரைக்கும், நடறதுக்கு நல்ல நேரம் செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர் நடு வரை. டிசம்பர், ஜனவரியில பூக்கும். பெங்களூரு ஆட்களுக்கு இன்னும் சுலபம். அந்த வருஷம் செப்டம்பர்ல, கோடையைத் தாண்டி வந்த தாய்ச் செடியையும் ரெண்டு கட்டிங்கையும் புது மண்ணுக்கு மாத்தினோம்.

நடற முறையை வேகமாச் சொல்லிடறேன், இதுல பெரிய ரகசியம் இல்லை. 15 லிட்டர் பை, குறைஞ்சது. செம்மண், நார்த்தூள், மண்புழு உரம், கொஞ்சம் மணல். கிழங்கைப் படுக்க வெச்சு, கண் மேல பார்க்க, மேல 10 செ.மீ. மண். குச்சியை நடும்போதே ஊனிடணும், அப்புறம் ஊனினா கிழங்கைக் குத்திடும். தண்டு உள்ளே குழாய் மாதிரி காலி, ஒரு காத்துக்கு ஒடியும், அதனால குச்சி கட்டாயம். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளணும். மனசு வராது, கிள்ளுங்க. கிள்ளாட்டி ஒத்தைத் தண்டா போய் ஒரு பூ பூத்துட்டு நிக்கும். யூரியா மாதிரி தழைச்சத்தை அள்ளிப் போடாதீங்க, இலை மட்டும் வரும், கிழங்கும் சேமிப்புல நிக்காது. பூச்சியில அசுவினி வரும், மார்ச்ல செஞ்சிலந்தி வரும், குளிர்ல இலையில சாம்பல் நோய் வரும். மூணுக்கும் இலைக்கு அடியில பார்க்கற பழக்கம்தான் முதல் மருந்து, வேப்பெண்ணெய்க் கரைசல் ரெண்டாவது. இலையில மஞ்சள் கோலம் மாதிரி நரம்போரமா வந்து செடி குட்டையா நின்னுட்டா அது வைரஸ், அதுக்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைக் கிழங்கோட அப்புறப்படுத்துங்க, அதை வெட்டின பிளேடால இன்னொன்னை வெட்டாதீங்க.

டிசம்பர் முதல் வாரம் முதல் மொக்கு விரிஞ்சது. முழுச் சிவப்பு. வெள்ளை நுனியே இல்லை.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இது நம்ம பூ இல்லைடா"ன்னாங்க. அங்கே வேலி ஓரமா பக்கத்து லைன்காரங்களோட தனிச் சிவப்பு டேலியா ஒன்னும் இருந்தது. நான் தோண்டின அவசரத்துல அது கலந்திருக்குமோன்னு எனக்கே சந்தேகம். முளைச்ச அந்த ஒத்தைக் கிழங்கு அதுவா இருந்தா, வாசல் பூ அந்தக் குப்பை வண்டியோடயே போயிடுச்சுன்னு அர்த்தம். குன்னூருக்கு அக்காகிட்ட கொடுத்ததும் இதோட கட்டிங்தான். அந்த வாரம் எங்க வீட்டுல யாரும் டேலியாவைப் பற்றிப் பேசலை. நான் வேற வழியில்லாம ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சேன். அதுல தெரிஞ்சது இது: சிவப்பு வெள்ளை ரகங்கள்ல அந்த வெள்ளை, நிறமி தயாரிக்கிற ஒரு ஜீனை இதழோட நுனியில செடியே அடக்கி வைக்கறதால வர்றது. அந்த அடக்கம் எல்லாப் பூவிலும் நடக்கணும்னு கட்டாயம் இல்லை. ஒரே செடியில ஒரு பூ ரெண்டு நிறமாவும் இன்னொரு பூ தனிச் சிவப்பாவும் வரலாம். அம்மாகிட்ட சொன்னேன். "உன் கட்டுரை என் பூவைப் பார்த்துச்சா?"ன்னு கேட்டாங்க.

ரெண்டாவது பூவும் சிவப்பு. மூணாவது பூ, முதல் பூ வந்து பதினோரு நாள் கழிச்சு, காலையில காபி போடப் போன அம்மாதான் முதல்ல பார்த்தாங்க. என்னை எழுப்பலை. நான் எழுந்து வந்தப்போ, குரோ பேக் பக்கத்துல பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டம்ளரோட இருந்தாங்க. ஒவ்வொரு இதழ் நுனியிலும் வெள்ளை. கொஞ்சம் சின்னப் பூ, குன்னூர்ல இருந்ததுல முக்கால் அளவு. ஆனா அதேதான்.

(சிரிப்பு.) அந்தப் பூவைப் பறிச்சு சாமி படத்துக்கு வைக்கலாம்னேன், விடலை. பறிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு: ரோஜா மாதிரி மொக்குல பறிச்சா டேலியா விரியாது. நல்லா விரிஞ்சப்புறம், காலையில, நீளத் தண்டோட வெட்டணும்.

இப்போ கஷ்டமான பகுதி, கோடை. பூ முடிஞ்சு பிப்ரவரி கடைசியில இலை மஞ்சளாகும். குளிர்காலத்துல பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே போகும்போது செடி தன் சாப்பாட்டைக் கிழங்குக்கு அனுப்ப ஆரம்பிக்கும், டிசம்பர்ல நம்ம பக்கம் பகல் பதினொன்னரை மணி நேரம்தான். அதனால கிழங்கு நல்லாவே வெச்சிருக்கும். பிரச்சினை அதுக்கப்புறம். குளிர் நாடுகள்ல கிழங்கைத் தோண்டி, 4 முதல் 10 டிகிரி இருக்கிற நிலவறையில வெச்சுடுவாங்க. நமக்கு நிலவறையும் இல்லை, 10 டிகிரியும் இல்லை. மார்ச்ல இருந்து செப்டம்பர் வரை ஏழு மாசம் ஓட்டணும். ரொம்ப ஈரம்னா அழுகும், ரொம்பக் காய்ஞ்சா சுருங்கும்.

2023-ல ஒன்பது கிழங்கு, எல்லாத்துலயும் கண் இருக்கான்னு அம்மா ஒவ்வொன்னா சரிபார்த்தது. மூணைத் தனித்தனியா நியூஸ்பேப்பர்ல சுத்தி ஃப்ரிட்ஜ் காய்கறி டிரேயில வெச்சேன். மூணை மாடிப்படிக்குக் கீழே காய்ஞ்ச மணல்ல புதைச்சேன். மூணு குன்னூருக்குப் போச்சு. ஃப்ரிட்ஜ்ல வெச்சது சுக்கு மாதிரி ஆகி, ஒன்னுதான் பிழைச்சது. நடுவுல ஒரு நாள் சித்தி வந்து, சக்கரவள்ளின்னு நினைச்சு ஒன்னை எடுத்துக் கழுவிட்டாங்க. நல்லவேளை, வேக வைக்கலை. மணல்ல வெச்சதுல ஒன்னு மே மாசமே தானா முளைச்சு, வெளிச்சம் இல்லாம வெளிறிப் போய்ச் செத்தது, ரெண்டு ஜூன்ல அழுகிச்சு. குன்னூருக்குப் போன மூணும் எந்தக் கவனிப்பும் இல்லாம மண்ணுல இருந்தே வந்துச்சு. அக்கா போட்டோ அனுப்பியிருந்தாங்க. எனக்கு வெட்கமா இருந்தது.

அடுத்த வருஷம் முறையை மாத்தினேன். லேசா, தொட்டா ஈரம் தெரியாத அளவு ஈரமுள்ள நார்த்தூளோட ஜிப் கவர்ல போட்டு, வாயை ஒரு விரல் அகலம் திறந்து வெச்சு ஃப்ரிட்ஜ்ல. பழத்தோட வைக்கலை. மாசம் ஒரு தடவை எடுத்துச் சமையல் தராசுல எடை போட்டேன். எடை குறைஞ்சு தோல் சுருங்கினா நாலு சொட்டு தண்ணி தெளிப்பேன், கவர் உள்ளே வேர்த்திருந்தா ஒரு நாள் திறந்து வைப்பேன். அஞ்சுல நாலு பிழைச்சது. இன்னொரு வழியும் பார்த்தேன். தோண்டவே தோண்டாம, பையோட அப்படியே மழை படாத நிழல்ல சாய்ச்சு வெச்சு தண்ணியை நிறுத்தினேன். மூணு பையில ரெண்டு வந்தது. சோம்பேறிகளுக்கு இதுதான் வழி, நானும் இப்போ பாதியை இப்படித்தான் வைக்கறேன். கறிவேப்பிலை வைக்க ஃப்ரிட்ஜ்ல இடமில்லைன்னு அம்மா சொல்லிட்டே இருக்காங்க.

இன்னிக்குக் கணக்குக்கு வாசல் பூ நாலு இடத்துல இருக்கு. எங்க மாடி, குன்னூர் அக்கா வீடு, கோத்தகிரியில அம்மாவோட பழைய சக நர்ஸ் வீடு, பெங்களூருல என் ஆபீஸ் நண்பன் பால்கனி. ஒருத்தர்கிட்ட போயிடுச்சுன்னா இன்னொருத்தர்கிட்ட கேட்டு வாங்கிக்கறதுன்னு பேச்சு. போன அக்டோபர்ல பெங்களூரு நண்பன் போன் பண்ணி, "மச்சி, அழுகிடுச்சுடா"ன்னு தயங்கித் தயங்கிச் சொன்னான். ரெண்டு நாள்ல வேற ஒன்னு பஸ்ல அனுப்பிட்டோம். பேக் பண்ணினது அம்மா. கழுத்துக்கு மட்டும் தனியா பஞ்சு சுத்தி, மேல ஸ்கெட்ச் பேனாவால "இது மேல்பக்கம்"னு எழுதி, கீழே பெருசா "தண்ணி ஊத்தாதே"ன்னும் எழுதியிருந்தாங்க.

கேள்வி இருந்தா அனுப்புங்க. முளைக்காத கிழங்கைத் தோண்டி, கழுத்துப் பக்கம் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினீங்கன்னா, அம்மாகிட்ட காட்டிப் பதில் சொல்றேன். அடுத்த எபிசோட்ல செஞ்சிலந்தி.